உங்களுக்குத் தெரியுமா? ஏழு மணிக்கு மேல் சிங்கப்பூர்

சிங்கப்பூர் போய் வந்தவர்களிடம் பகலைப் பற்றிக் கேட்டால் வெயில், புழுக்கம், கடைத்தெரு என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுவார்கள். பேச்சு சூடுபிடிப்பது பொழுது சாய்ந்த பிறகு பார்த்ததைச் சொல்லும்போதுதான். அந்த இரவில் பாதி, அரசும் பொறியாளர்களும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்தது. மீதிப் பாதி, யாரும் திட்டம் போடாமல் சனங்களே உண்டாக்கிக்கொண்டது. இரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் இங்கே.

● முந்தி ஓடும் கடிகாரம்

நிலநடுக்கோட்டுக்கு சுமார் 137 கி.மீ. வடக்கே இருக்கும் ஊர் என்பதால், அங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் மறையும். ஜனவரிக்கும் ஜூனுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் பூமியில் அந்தத் தீவு இருக்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டால், ஆறு மணி வாக்கிலேயே இருட்டியிருக்க வேண்டும்! 1982 ஜனவரி 1-ல் மலேசியத் தீபகற்பம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியபோது, சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அதற்கு முன்பே சில முறை தள்ளியாகிவிட்டது. ஆகவே அந்த ஊர்க் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்தி ஓடுகிறது. வெளிச்சக் காட்சிகளெல்லாம் ஏழரைக்கு மேல் தொடங்குவது இதனால்தான். நம்மைவிட அவர்கள் இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், முதல் நாள் அங்கே இரவு பத்து அடிக்கும்போதுதான் நம் வயிற்றுக்கு ஏழரை ஆகியிருக்கும்.

● நிலவையும் செய்தார்கள்

இரவில் மட்டுமே திறக்கும் உலகின் முதல் விலங்குத் தோட்டம், மண்டாயில் இருக்கும் நைட் சஃபாரி. 1994-ல் தொடங்கியது; பரப்பு 35 ஹெக்டேர். இரவில் இரை தேடும் விலங்குகளைப் பகலில் பார்த்தால் அவை சுருண்டு படுத்திருப்பதைத்தான் பார்க்கலாம் என்பதால் பிறந்த யோசனை இது. சிக்கல் வெளிச்சத்தில் வந்தது. விளக்குப் போட்டால் விலங்கு மிரளும். போடாவிட்டால் மனிதனுக்குத் தெரியாது. பிரிட்டிஷ் ஒளியமைப்பாளர் சைமன் கார்டர் நிலவொளி போன்ற மங்கலான வெளிச்சத்தை அமைத்துக்கொடுத்தார். டிராம் வண்டியில் சுற்றி வர முக்கால் மணி நேரம் ஆகும். கேமராவின் ஃபிளாஷை மட்டும் அணைத்துவிட வேண்டும்.

● பைசா செலவில்லாத இரண்டு காட்சிகள்

மரினா பேயில் தினமும் இரவு இரண்டு ஒளி–ஒலிக் காட்சிகள் இலவசம். கார்டன்ஸ் பை தி பே தோட்டத்தின் செயற்கை ராட்சத மரங்களில் 7.45-க்கும் 8.45-க்கும், மரினா பே சாண்ட்ஸ் கட்டடத்தின் முன்னால் தண்ணீரில் 8 மணிக்கும் 9 மணிக்கும். வெள்ளி, சனியில் தண்ணீர்க் காட்சி 10 மணிக்கும் உண்டு. ஒவ்வொன்றும் கால் மணி நேரம்தான். முதலில் தோட்டத்தில் 7.45 காட்சியைப் பார்த்துவிட்டு, பாலம் வழியாக நிதானமாக நடந்தால் 9 மணிக் காட்சிக்கு நல்ல இடம் பிடித்துவிடலாம். 8 மணிக் காட்சியை முதலில் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பார்கள்.

● மரத்துக்குள் புகைபோக்கி

அந்த ராட்சத மரங்கள் மொத்தம் 18. உயரம் 25 முதல் 50 மீட்டர் வரை. அலங்காரத்துக்கு நிறுத்தியவை என்று நினைத்துவிடாதீர்கள். பதினொரு மரங்களின் உச்சியில் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. சில மரங்கள், பக்கத்திலிருக்கும் குளிரூட்டிய கண்ணாடித் தோட்டங்களுக்கு காற்றுப்போக்கியாக வேலை செய்கின்றன. வெட்டிப்போட்ட கிளைகளையும் மரக்கழிவையும் எரித்து ஆற்றல் எடுக்கும் நிலையத்தின் புகை, ஒரு மரத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது.

● பாலத்தில் நான்கு எழுத்து

மரினா பேயின் ஹீலிக்ஸ் பாலம் 280 மீட்டர் நீளம்; 2010-ல் திறந்தது. மரபணுவின் முறுக்கிய வடிவில் கட்டியது என்று பலருக்கும் தெரியும். தரையில் ஜோடி ஜோடியாகச் சில ஆங்கில எழுத்துகள் இரவில் ஒளிர்வதைப் பலரும் கவனிப்பதில்லை. சைட்டோசின், குவானின், அடினின், தைமின் என்ற நான்கு மூலக்கூறுகளின் முதலெழுத்துகள் அவை. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் உயிரியல் பாடம் இலவசம்.

● நாறிய ஆறு

இன்று கிளார்க் கீ, போட் கீ என்று மதுக்கூடங்களும் உணவகங்களும் வரிசை கட்டி நிற்கும் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு, 1970களில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டும். பன்றி, வாத்துப் பண்ணைகளின் கழிவு, தெருக்கடை எச்சில், படகு எண்ணெய் எல்லாம் அதில்தான். 1977-ல் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டுக் கெடு வைத்தார். பண்ணைகள் அகன்றன, தெருக்கடைக்காரர்கள் கூரை போட்ட உணவங்காடிகளுக்குப் போனார்கள், சரக்குப் படகுகள் 1983-ல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாறின. சொன்ன கெடுவில், 1987-ல், ஆறு சுத்தமானது. பழைய கிடங்குகளில் விளக்கெரியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

● கண் வைத்த படகு

ஆற்றில் இரவுச் சவாரி போகும் மரப்படகின் முகப்பைப் பாருங்கள். இரண்டு கண் வரைந்திருக்கும். சரக்கேற்றிய காலத்திலிருந்தே வரும் வழக்கம் இது. படகு தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது சீனப் படகோட்டிகளின் நம்பிக்கை. இன்னொரு செய்தி: 2008-ல் முகத்துவாரத்தில் மரினா தடுப்பணை கட்டியதும் கடல்நீர் உள்ளே வருவது நின்றது. நீங்கள் சவாரி போகும் தண்ணீர், இப்போது அந்த நகரத்தின் குடிநீர்த் தேக்கம்.

● வட்டிக்கடை இருந்த இடம்

போட் கீயின் மதுக்கூடங்களுக்குச் சற்றுத் தள்ளி மார்க்கெட் ஸ்திரீட். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தன. ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைகள். ஆளுக்கு ஒரு பெட்டியும் கணக்குப் பிள்ளையும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தபடி தொழில் நடத்தினார்கள்; இரவில் பலருக்கு அந்தக் கூடமே படுக்கையறை. நகரச் சீரமைப்பில் கட்டடங்கள் போய்விட்டன. செட்டியார்கள் 1859-ல் நிறுவிய தண்டாயுதபாணி கோயில் மட்டும் டேங்க் ரோட்டில் நிலைத்து நிற்கிறது.

● திசை மாறிய ராட்டினம்

165 மீட்டர் உயரமுள்ள சிங்கப்பூர் ஃபிளையர் 2008-ல் சுற்றத் தொடங்கியபோது, உலகின் மிக உயரமான ராட்டினம். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். தொடங்கிய சில மாதங்களில் அதன் சுழலும் திசையையே மாற்றிவிட்டார்கள். இயந்திரக் கோளாறு ஒன்றுமில்லை. ஊரின் அதிர்ஷ்டத்தை அது வெளியே அள்ளிக்கொண்டு போகிறது என்று ஃபெங் சுய் வல்லுநர்கள் சொன்னார்கள், அவ்வளவுதான். அங்கேயும் வாஸ்து உண்டு!

● ஐரோப்பாவுக்காக ஓர் இரவு

ஃபார்முலா ஒன் வரலாற்றில் இரவில் நடந்த முதல் பந்தயம், 2008-ல் சிங்கப்பூர் வீதிகளில் ஓடியது. ஜெயித்தவர் ஃபெர்னாண்டோ அலோன்சோ. ஏன் இரவில்? சிங்கப்பூரில் இரவு எட்டு மணி என்றால் ஐரோப்பாவில் பிற்பகல். தொலைக்காட்சி பார்க்க வசதியான நேரம். ஓட்டுநர்கள் அந்த வாரம் முழுக்க ஐரோப்பிய நேரப்படியே வாழ்கிறார்கள். விடியும்போது படுக்கை, மத்தியானம் காலைப் பலகாரம். பந்தய வாரத்தில் விடுதி வாடகை எகிறிவிடும். கார் பந்தயத்தில் ஆசை இல்லாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது பணப்பைக்கு நல்லது.

● சாத்தே தெரு

லாவ் பா சாட் என்பது 1894-ல் எழுந்த எண்கோண வடிவ இரும்புச் சந்தை. வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தவை. வேலை நாட்களில் மாலை ஏழு மணிக்கு, அதன் பக்கத்திலிருக்கும் பூன் டாட் தெருவில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சற்று முன்பு வங்கி ஊழியர்களின் கார்கள் போன இடத்தில் மேசை நாற்காலி வந்துவிடும். கரி அடுப்புப் புகை எழும். குச்சியில் கோத்த கோழி, ஆட்டிறைச்சி, இறால், தொட்டுக்கொள்ள வேர்க்கடலைக் குழம்பு; இதுதான் சாத்தே. தெருவுக்குப் பெயர் கொடுத்த ஓங் பூன் டாட் யார் தெரியுமா? அடுத்த துணுக்கில்.

● மூன்று உலகங்கள்

தொலைக்காட்சி வராத காலத்தில் சிங்கப்பூர்வாசிகள் சாயங்காலத்தைக் கழித்த இடங்கள் மூன்று: நியூ வேர்ல்ட் (1923), கிரேட் வேர்ல்ட் (1931), ஹேப்பி வேர்ல்ட் (1937). முதலாவதைத் தொடங்கியவர்கள் ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்ற சகோதரர்கள். மலாய் நாடகம், சீன இசை நாடகம், குத்துச்சண்டை, சினிமா, ராட்டினம், நடன மண்டபம் எல்லாம் ஒரே வளாகத்தில். சீட்டு வாங்கிக் கொடுத்தால் ஒரு பாட்டுக்குச் சேர்ந்து ஆடும் பெண்கள் இருந்தார்கள். நியூ வேர்ல்ட் இருந்த இடத்தில் இப்போது சிட்டி ஸ்குவேர் மால். பழைய நுழைவாயிலை நினைவாக வைத்திருக்கிறார்கள். தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவிலிருந்து நடை தூரம்தான்.

● முன்வரிசை ஆவிகளுக்கு

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், ஏறக்குறைய ஆகஸ்டில் வரும். முன்னோர் ஆவிகள் பூமிக்கு வரும் மாதம் என்பது நம்பிக்கை. குடியிருப்புப் பேட்டைகளின் திறந்தவெளியில் கொட்டகை போட்டு, மின்னும் ஜிகினா உடையில் பாடகர்கள் ஹொக்கியன் பாட்டுகளைப் பொளந்து கட்டுவார்கள். கெத்தாய் என்று பெயர். நுழைவுச் சீட்டு கிடையாது. யாரும் போய் உட்காரலாம், முன்வரிசையில் மட்டும் கூடாது. அது ஆவிகளுக்கு.

● அரசால் முடியாத ஒன்று

1950களிலிருந்து புகிஸ் தெரு நள்ளிரவுக்கு மேல் களைகட்டும். அலங்கரித்துக்கொண்டு வரும் திருநங்கையரைப் பார்க்கவே மாலுமிகளும் வெளிநாட்டுப் பயணிகளும் கூடுவார்கள். 1980களின் நடுவில் பெருவிரைவு ரயில் வேலைக்காகத் தெருவை இடித்தார்கள். பிறகு, போன கூட்டத்தை நினைத்து ஏங்கிய சுற்றுலாத் துறை, 1990களின் தொடக்கத்தில் பழைய தெருவைப் போலவே ஒன்றைப் பக்கத்தில் கட்டிப் பார்த்தது. கட்டடம் வந்தது, கலகலப்பு வரவில்லை. இப்போது அது மலிவு விலைச் சட்டை, நினைவுப் பொருள் வாங்கும் சந்து.

● குப்பை போடலாம், இங்கே மட்டும்

தெருவில் காகிதம் போட்டால் அபராதம் விதிக்கும் ஊரில், வேர்க்கடலைத் தோலைத் தாராளமாகத் தரையில் உதறக்கூடிய ஓர் இடம் உண்டு: ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பார். சாக்குப் பையில் கடலை வைத்திருப்பார்கள். சிங்கப்பூர் ஸ்லிங் என்ற இளஞ்சிவப்பு மதுக்கலவையை 1915 வாக்கில் இங்கே உருவாக்கியவர் ஙியாம் தோங் பூன் என்ற ஹைனானியப் பணியாளர். அந்தக் காலத்தில் பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவதை ஊர் ஏற்காது; பழச்சாறு போலத் தெரியட்டும் என்றே அந்த நிறம் என்பது ஹோட்டல் சொல்லும் கதை.

● பத்தரை மணிச் சட்டம்

2015 ஏப்ரல் முதல், இரவு 10.30-லிருந்து காலை 7 மணி வரை கடைகளில் மது வாங்கிப்போக முடியாது. பூங்கா, கடற்கரை, தெரு எங்கும் குடிக்கவும் கூடாது. மீறினால் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். உரிமம் பெற்ற மதுக்கூடத்துக்குள் உட்கார்ந்து குடிக்கத் தடையில்லை; அவை அதற்கு மேலும் திறந்திருக்கும். லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் இன்னும் கண்டிப்பு: சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது கூடவே கூடாது.

● ஊர்க்காரருக்குக் கட்டணம்

சிங்கப்பூரின் இரண்டு சூதாட்டக் கூடங்களும் 2010-ல் திறந்தவை. ஒன்று மரினா பேயில், மற்றது செந்தோசா தீவில். வெளிநாட்டுப் பயணி 21 வயது நிரம்பியிருந்தால் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு இலவசமாக நுழையலாம். சிங்கப்பூர்க் குடிமகனும் நிரந்தரவாசியும் மட்டும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவு வரி கட்ட வேண்டும். விருந்தாளி தோற்றால் பரவாயில்லை, வீட்டுப் பிள்ளை தோற்கக் கூடாது!

● முள்நாறிப் பழத்துக்குள் கச்சேரி

2002-ல் திறந்த எஸ்பிளனேடு கலை அரங்கத்தின் கூரையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அலுமினிய வெயில்மறைப்புகள். அதனால்தான் ஊரார் அதை டுரியான் (முள்நாறி) பழம் என்கிறார்கள். உள்ளே பெரிய கச்சேரிகளுக்குக் கட்டணம் உண்டு; தண்ணீரோரத் திறந்தவெளி மேடையிலும் முன்கூடத்திலும் நடக்கும் பல நிகழ்ச்சிகள் இலவசம். நவம்பர் வாக்கில் போனால் ‘கலா உத்சவம்’ என்ற இந்தியக் கலைவிழாவில் பரதமும் கர்நாடக இசையும் கிடைக்கும்.

● தேக்காவின் ஞாயிறு

சிங்கப்பூரில் தமிழ் அதிகம் கேட்கும் நேரம் ஞாயிறு சாயங்காலம், இடம் தேக்கா. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வாரம் முழுக்க உழைத்த தமிழ்நாட்டுத் தொழிலாளிகளும் வங்காளதேசத்தவரும் அன்றுதான் வெளியே வருவார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவது, முடி வெட்டுவது, ஊர்க்காரனைப் பார்ப்பது, புல்தரையில் உட்கார்ந்து பேசுவது என்று வாரத்துக்கு ஒரே ஒரு மாலைதான் அவர்களுக்கு. விளம்பரப் படங்களில் வராத இந்தக் கூட்டமும் அந்நகரத்தின் இரவு வாழ்க்கைதான். மரினா பேயின் மினுக்கும் கட்டடங்களை எழுப்பிய கைகளில் பல இந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன.

● நள்ளிரவிலும் கடை

சையது ஆல்வி சாலையின் முஸ்தபா சென்டர், கோவிட் வரும்வரை 24 மணி நேரமும் திறந்திருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு மிளகாய்த்தூளும் கைக்கடிகாரமும் வாங்கியவர்கள் உண்டு. கோவிட்டுக்குப் பிறகு பின்னிரவில் சில மணி நேரம் மூடுகிறார்கள். இருந்தாலும் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கடைக்குப் போக நேரம் தாராளம்.

● காகிதக் கைக்குட்டை முன்பதிவு

உணவங்காடியில் காலி மேசை மேல் ஒரு சின்னக் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தால், அதை யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுத்துவிடாதீர்கள். இடம் பிடித்துவிட்டு உணவு வாங்கப் போயிருக்கிறார்கள். பேருந்து இருக்கையில் துண்டு போடும் நமக்கு இது புரியாததல்ல. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும். 2021-லிருந்து அது சட்டம். இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020-ல் தன் பட்டியலில் சேர்த்தது.

● பன்னிரண்டு மணிப் பசி

நள்ளிரவில் பசித்தால் பிராட்டா கடை. நம் பரோட்டாவின் உறவுதான். கோழிக்கறி அல்லது மீன் குழம்பில் தோய்த்து, பக்கத்தில் ஆற்றி ஆற்றி நுரை பொங்க வைத்த தே தாரிக்கோடு வரும். முட்டையும் கறியும் வைத்து மடித்த முர்தபாக் வேண்டுமென்றால், சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908-லிருந்து இருக்கும் ஸம் ஸம் உணவகத்துக்கு சற்று முன்னதாகவே போய்விடுங்கள்.

● நள்ளிரவுக் காவடி

தைப்பூசத்துக்கு முந்தின இரவு, பன்னிரண்டு மணி வாக்கில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து முதல் பால்குடங்கள் புறப்படும். தண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. அதற்கு முன் பகலில், வெள்ளி ரதத்தில் முருகன் கியோங் சாய்க் சாலையின் லயன் சித்தி விநாயகர் கோயிலுக்கு அண்ணனைப் பார்க்கப் போய் வருகிறார். ஒரு காலத்தில் அந்தச் சாலை சிவப்பு விளக்குப் பகுதி. இன்று மதுக்கூடங்களும் நாகரிக விடுதிகளும். விநாயகர் இரண்டையும் பார்த்தாயிற்று.

● கடலே திரை

செந்தோசாவின் சிலோசோ கடற்கரையில் 2014 முதல் ‘விங்ஸ் ஆஃப் டைம்’ காட்சி. கடலில் தண்ணீரைத் திரையாகப் பீய்ச்சி, அதன்மேல் லேசர் ஒளியில் கதை சொல்வார்கள், முடிவில் வாணவேடிக்கை. கட்டணம் உண்டு. முன்னிருக்கையில் உட்கார்ந்தால் கொஞ்சம் நனைய நேரிடும்.

● இரவு பன்னிரண்டு வரை தோட்டம்

1859-ல் தொடங்கிய, யுனெஸ்கோ 2015-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த சிங்கப்பூர் தாவரவியல் தோட்டம், காலை 5 முதல் நள்ளிரவு 12 வரை திறந்திருக்கும், கட்டணமில்லை. கூட்டமும் ஒலிபெருக்கியும் அலுத்தவர்களுக்கு ஏற்ற இடம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வேண்டும். அதையும் மாலைக்குள் மூடிவிடுவார்கள்.

● ரயில் தூங்கிவிடும்

ஊர் விழித்திருக்கிறதே என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பெருவிரைவு ரயிலின் கடைசி வண்டிகள் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். பன்னிரண்டு முதல் காலை ஆறு வரை டாக்சி மீட்டர் காட்டும் தொகைக்கு மேல் பாதி கூடுதல் கட்டணம். பதினொன்றரைக்கே எழுந்தால் அந்தக் காசில் மறுநாள் சாத்தே சாப்பிடலாம்.

● கிளம்பும் நாளில் ஒன்று

இரவு விமானத்தில் ஊர் திரும்புகிறவர்கள் சாங்கி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்கூட்டியே போகலாம். 2019-ல் திறந்த ஜுவல் வளாகத்தில், கூரையிலிருந்து 40 மீட்டர் கீழே கொட்டும் அருவி இருக்கிறது. கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகிலேயே உயரமானது. பொழுது சாய்ந்த பின் அதன்மேல் வண்ண ஒளிக் காட்சி, அதுவும் இலவசம். ஆனால் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டும் முன்பே பார்த்துவிட வேண்டும். முத்திரை குத்திய பிறகு நினைவு வந்தால், அடுத்த பயணத்தில்தான்.